சோற்றை விட வேண்டாம், டப்பாவை மாற்றுங்கள்

கேள்வி: எனக்கு 39 வயதாகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். கணவர் பவர் டேபிள் டெய்லர். ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். என் உயரம் 153 செ.மீ., எடை 71 கிலோ. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து டீயோடு தைராய்டு மாத்திரை போட்டுக்கொள்வேன். எட்டு மணிக்கு நின்றபடியே இரண்டு இட்லி, சில நாள் அதுவும் இல்லை. பத்தரைக்கு கம்பெனியில் டீயும் ஒரு வடையும். மதியத்துக்குத் தக்காளிச் சோறோ எலுமிச்சைச் சோறோ, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். நாலரைக்கு டீ, இரண்டு பஜ்ஜி. பெரும்பாலும் ஒன்றரை ஷிஃப்ட் என்பதால் ஏழு மணிக்கு இன்னொரு டீ. எல்லா டீயிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வீடு வர ஒன்பதாகிவிடும். எல்லோருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் சாப்பிடும்போது பத்து. பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் நானே சாப்பிட்டுவிடுவேன். மாசம் எண்ணெய் ஐந்து லிட்டர் ஆகிறது. பருப்பு ரேஷனில் வாங்கும் ஒரு கிலோதான். போன வருஷம் சோற்றை அடியோடு நிறுத்தி, சப்பாத்தி மட்டும் சாப்பிட்டேன். ஒரே மாதத்தில் நாலு கிலோ குறைந்தது, தீபாவளிக்குள் ஐந்து கிலோ ஏறிவிட்டது. கூட வேலை செய்பவர் ஒரு பவுடரைப் பாலில் கலக்கிக் குடிக்கச் சொல்கிறார், மாசம் சில ஆயிரம் ஆகுமாம். கொள்ளு குடித்தால் கொழுப்பு கரையுமா? எனக்கு ஒரு டயட் சார்ட் போட்டுத் தர முடியுமா? மகளும் கொஞ்சம் குண்டாக இருக்கிறாள், அவளையும் என்னோடு சேர்த்து டயட்டில் வைக்கலாமா?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்பு சகோதரிக்கு,

முதலில் ஒரு நன்றி. டயட் சார்ட் கேட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் எடையையும் உயரத்தையும் மட்டும் எழுதி அனுப்புவார்கள். நீங்கள் எண்ணெய் எத்தனை லிட்டர், பருப்பு எத்தனை கிலோ என்பது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டிய பதில் பாதி அதிலேயே இருக்கிறது.

திங்கள் ஓட்ஸ், செவ்வாய் சாலட், புதன் சூப் என்று கட்டம் போட்ட சார்ட் எதையும் நான் தரப்போவதில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஐந்து பேருக்குச் சமைத்து, டப்பா கட்டி, எட்டரைக்குக் கம்பெனியில் நிற்க வேண்டிய ஒருவர் தனக்கென்று தனியாக இன்னொரு அடுப்பு பற்ற வைக்க மாட்டார். வைத்தாலும் நாலு நாள்தான். அதனால் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆகிற அதே சமையலை வைத்துக்கொண்டு, எதை எவ்வளவு, எப்போது என்பதை மட்டும் மாற்றலாம்.

உங்கள் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு தோசையின் அளவும் டீயின் பாலும் மாறும் என்பதால் இது தோராயம்தான். நாலு டீக்கும் சேர்த்து 400 கலோரிக்குப் பக்கம், அதில் சர்க்கரை மட்டுமே 160. மதியச் சோறும் வறுவலும் 600. வடை, பஜ்ஜி இரண்டும் சேர்ந்து 250க்கு மேல். ராத்திரி மூன்று தோசை, தேங்காய்ச் சட்னி, பிள்ளைகளின் மிச்சம் எல்லாம் சேர்ந்தால் 650. காலை இட்லியையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 2000 முதல் 2100 வரை வருகிறது. உங்கள் உயரத்துக்கும் வயதுக்கும் வேலைக்கும் 1800 போதும். எடை குறைய வேண்டுமானால் 1400க்கும் 1500க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்து நீங்கள் ரொம்ப அதிகமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பகல் முழுக்க நீங்கள் சரியாகச் சாப்பிடவே இல்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் பருப்போ காயோ இல்லாத ஒரு கலந்த சோறு, மற்ற நேரமெல்லாம் டீ. ராத்திரி பத்து மணிக்கு உடம்பு பசித்துக் கேட்கத்தான் செய்யும். அதைப் போய் வாய்க்கட்டுப்பாடு இல்லாத குணம் என்று நீங்கள் உங்களையே திட்டிக்கொள்வது நியாயமே இல்லை.

இன்னொரு கணக்குதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ஒரு மாதத்துக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, வீட்டில் ஐந்து பேர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூட வரவில்லை. ஏழு கிராம் பருப்பில் ஒன்றரை கிராம் புரதம்தான் இருக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். உங்களுக்கு அது 59 கிராம். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் 40 கிராம் வந்தாலே பெரிது, அதிலும் பெரும்பகுதி அரிசியிலிருந்தும் டீயில் ஊற்றும் பாலிலிருந்தும் வருகிறது. புரதம் குறைந்த சாப்பாடு சீக்கிரம் பசிக்கும், பசித்தால் கைக்குக் கிடைப்பது வடையும் பஜ்ஜியும்தான். நீங்கள் சோற்றை நிறுத்திய மாதத்தில் எடையோடு சேர்ந்து தசையும் கொஞ்சம் கரைந்திருக்கும். அரிசியை நிறுத்தினீர்களே தவிர, அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லையே.

அந்த நாலு கிலோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது போனதும் திரும்பி வந்ததும் உங்களை ரொம்பவே சோர வைத்திருக்கிறது. உடம்பு மாவுச்சத்தைக் கொஞ்சம் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிறது, ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் போலத் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் முதல் வாரத்தில் அந்தச் சேமிப்பும் தண்ணீரும் இறங்கும், தராசு ஒன்றரை இரண்டு கிலோ குறைத்துக் காட்டும், கொழுப்பு கரைந்துவிட்டது என்று நமக்கும் சந்தோஷமாக இருக்கும். மறுபடி சோறு சாப்பிட்டதும் அந்தத் தண்ணீர் திரும்ப வந்துவிடும். அப்படியானால் உண்மையில் நீங்கள் இழந்தது கம்மி, ஏறியதும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. விட்டுத்தள்ளுங்கள்.

சப்பாத்திக்கு வருகிறேன். நூறு கிராம் அரிசியில் 350 கலோரி என்றால் நூறு கிராம் கோதுமை மாவில் 320லிருந்து 340, ராகி மாவிலும் கிட்டத்தட்ட அதேதான். கோதுமையிலும் ராகியிலும் நார்ச்சத்து கூடுதல், ராகியில் சுண்ணாம்புச்சத்து மிகவும் அதிகம், அதனால் சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று மாற்றியதற்காக மட்டும் எடை குறையாது. ஒரு சப்பாத்திக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவினால் 45 கலோரி கூடுகிறது, நாலு சப்பாத்திக்கு 180, கூடவே தேங்காய் அரைத்து விட்ட குருமா. ராத்திரி ஒன்பதரைக்கு மாவு பிசைந்து, திரட்டி, சுட்டு நிற்கும் வேலை வேறு. உங்களுக்குப் பிடித்திருந்தால் வாரம் ஒரு நாள் செய்யுங்கள். கடமைக்காக வேண்டாம்.

சரி, இப்போது டப்பாவுக்கு வருவோம். இந்தக் கடிதத்தில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய டப்பாவில் சோறும் சின்ன டப்பாவில் காயும் எடுத்துப் போகிறீர்கள் இல்லையா, நாளையிலிருந்து சின்ன டப்பாவில் சோறு, பெரிய டப்பாவில் காயும் பருப்பும். சோறு 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர், தலை தட்டி. 150 கிராமுக்குப் பக்கம் வரும், 200 கலோரி. பெரிய டப்பாவில் பாதி பொரியல், பாதி கெட்டியான கடைசலோ கூட்டோ. பருப்பை ரசம் மாதிரி ஓட விடாதீர்கள், கரண்டியில் எடுத்தால் நிற்க வேண்டும். தினம் தக்காளிச் சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டுவதற்குக் காரணம் காலை அவசரம்தான் என்று தெரியும். கலந்த சோற்றில் எண்ணெய் அதிகம், பருப்பு கிடையாது, அளவும் தெரியாது. அதை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டு, அன்றைக்கும் ஒரு அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் கூட வையுங்கள்.

இதற்கெல்லாம் எங்கோ தேட வேண்டியதில்லை, உங்கள் கொங்குச் சமையலிலேயே எல்லாம் இருக்கிறது. பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு குழம்பு, கொள்ளுப் பருப்பு, கீரைக் கடைசல் இவையெல்லாம் உங்கள் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். பயறை ராத்திரியே ஊறப்போட்டால் காலையில் குக்கரில் நாலைந்து விசிலில் வெந்துவிடும். அரிசியும் பருப்பும் சாதம் வேறு இருக்கிறது. ஒரே குக்கர், ஒரே வேலை, கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. வழக்கமாகப் போடும் அரிசியில் கால் பங்கைக் குறைத்து அந்தக் கால் பங்குக்குப் பருப்பைக் கூட்டுங்கள், வெந்ததும் ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டுக் கிளறுங்கள். மேலே ஊற்றும் நெய் ஒரு டீஸ்பூன் இருக்கட்டும், அதைப் பிடுங்க மாட்டேன்.

பருப்பு வாங்குவதை மாதம் ஒரு கிலோவிலிருந்து நாலு கிலோவாக்க வேண்டும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு ஒரு கிலோ, அதோடு பச்சைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை ஒவ்வொன்றும் ஒரு கிலோ. செலவு கூடும், உண்மைதான். பவுடருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்த பணத்தில் ஒரு சின்னப் பங்கில் இது முடிந்துவிடும், ஐந்து பேரும் சாப்பிடுவீர்கள். முட்டை தினம் ஒன்று உங்களுக்கு, பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று. மஞ்சள் கருவைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், 70 கலோரிதான்.

கொள்ளு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு என்று நம் பெரியவர்கள் சொன்னதை நானும் மதிக்கிறேன். கொள்ளில் புரதம் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, வயிறு நிறையும், அடுத்த வேளை வரைக்கும் பசி தாங்கும். அந்த வகையில் எடை குறைய அது உதவும். கொள்ளுத் தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்தால் கொழுப்பு உருகி வெளியே போகும் என்பது மட்டும் நடக்காது. தண்ணீரை வடித்துக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்கு வைப்பதைவிட, கொள்ளையே சாப்பிடுங்கள். தேன் எலுமிச்சை வெந்நீரும் அப்படித்தான், தேனும் ஒரு சர்க்கரையே. வெந்நீர் பிடித்தால் வெறுமனே குடியுங்கள்.

அந்தப் பவுடர் வேண்டாம். அதில் பெரும்பாலும் பால் அல்லது சோயா புரதமும் இனிப்பும் வாசனையும் இருக்கும், ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைக் குடிக்கச் சொல்வதால்தான் எடை குறைகிறது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷமே பார்த்துவிட்டீர்கள். தைராய்டு மாத்திரை எடுக்கும் ஒருவர், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாத ஒன்றை வாங்கிக் குடிக்கவே கூடாது.

மாத்திரை என்றதும் ஒரு முக்கியமான விஷயம். தைராய்டு மாத்திரையை டீயோடு போடாதீர்கள், தயவுசெய்து. பாலும் டீயும் அந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும். எழுந்ததும் வெறும் தண்ணீரில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள். அந்த நேரத்தில் சமையல் வேலை எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியம் மாத்திரையோ எடுப்பதாக இருந்தால் இதற்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கடைசியாக எப்போது டி.எஸ்.எச்., அதாவது தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை, பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. இப்படி மாற்றி ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ஒரு முறை பாருங்கள், மருந்தின் அளவை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். கூடவே மூன்று மாதச் சர்க்கரை அளவு, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, ராத்திரி குறட்டை அதிகமா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டைச் சரி செய்தும் எடை அசையாமல் நின்றால் காரணம் இந்த இடங்களில் இருக்கலாம்.

எண்ணெய். ஐந்து பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், 270 கலோரி, இது வீட்டில் ஊற்றுவது மட்டும், வடையும் பஜ்ஜியும் கணக்கில் இல்லை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்தால் இரண்டரை லிட்டர். எடுத்த எடுப்பில் பாதியாக்கினால் வீட்டில் சண்டைதான் வரும், அதனால் முதல் மாதம் நாலு லிட்டர், அடுத்த மாதம் மூன்றரை என்று இறக்குங்கள். கேனிலிருந்து நேராக வாணலியில் சாய்க்காமல், வாரத்துக்கு உண்டானதை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்து ஸ்பூனால் எடுத்தால் தானாகவே குறையும். ரேஷன் பாமாயிலா கடலெண்ணெயா நல்லெண்ணெயா என்றால், எடை விஷயத்தில் எல்லா எண்ணெயும் ஒரே கலோரிதான். பாமாயிலில் நிறை கொழுப்பு அதிகம் என்பதால் அதையே முழுக்கப் பயன்படுத்தாமல் கடலெண்ணெயையும் நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றி வாங்குங்கள்.

காய் விலை பார்த்துத்தான் உருளைக்கிழங்கில் நிற்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். உருளை, சேனை, மரவள்ளி மூன்றையும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், சோற்றுக் கணக்கில் வையுங்கள். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலை, பூசணி, முட்டைக்கோஸ், கீரை என்று அந்தந்த வாரம் எது மலிவோ அது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஐந்து பேருக்கு இரண்டு கிலோ, எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. இப்போது அரைக் கிலோ வாங்கினால் ஒரு கிலோவாக்குங்கள், மதியம் உங்கள் டப்பாவிலும் ராத்திரி உங்கள் தட்டிலும் காய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது போதும் ஆரம்பத்துக்கு.

காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். மூன்று இட்லி, கெட்டி சாம்பார் ஒன்றரைக் கரண்டி, முட்டை ஒன்று. இட்லி இல்லாத நாளில் பழைய சோறு ஒரு டம்ளர், மோர், சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள பயறு சுண்டல். வீட்டில் நிற்க நேரமில்லை என்றால் டப்பாவில் போட்டுக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். காலையில் சரியாகச் சாப்பிட்டால் பத்தரை வடை தானாகவே தேவையில்லாமல் போகும். போகாவிட்டால் வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். டீயை நாலிலிருந்து இரண்டாகவும், சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றாகவும் ஆக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், நாக்கு பழகிவிடும். வீட்டில் ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட் வாங்குவதாக இருந்தால் அதில் ஆறு சதவீதம் கொழுப்பு, நீல நிறத்தில் மூன்று.

இனி ராத்திரி. உங்கள் நாளில் கஷ்டமான நேரம் இதுதான், இதற்கான தீர்வு ஆறரை ஏழு மணியில் இருக்கிறது. ஏழு மணி டீக்குப் பதிலாக அப்போது ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்: ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது ஒரு பிடி அவித்த நிலக்கடலை, அல்லது ஒரு கொய்யாவும் கொஞ்சம் பொட்டுக்கடலையும். நிலக்கடலை நல்லது என்று கால் கிலோ சாப்பிடக் கூடாது, அவிக்காத கடலை 30 கிராமிலேயே 170 கலோரி இருக்கிறது. இப்படி ஏழு மணிக்கு 150 கலோரி உள்ளே போனால் ஒன்பது மணிக்கு நிதானமாக அடுப்பங்கரைக்குள் நுழைவீர்கள். மாவு கரைக்கும்போது வாரத்தில் பாதி நாளாவது அடை மாவாகவோ பச்சைப்பயறு மாவாகவோ கரையுங்கள், தோசைக் கல் அதேதான், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். உங்களுக்கு இரண்டு. சட்னியில் தேங்காய்க்குப் பதில் தக்காளி, வெங்காயம், புதினா, கொத்தமல்லி. தேங்காய் வாரம் இரண்டு நாள். காலையில் செய்த பொரியல் இருந்தால் அதையும் சூடு பண்ணிக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லப்போகிறேன். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியில், மிச்சம் மீதியை வழித்துச் சாப்பிடுவதை நிறுத்துங்கள். கடைசியில் சாப்பிடுகிறவருக்குப் பொரியலும் இருக்காது, முட்டையும் இருக்காது, தோசையும் சட்னியும்தான் மிஞ்சும். உங்களிடம் புரதம் குறைந்ததற்கும் மாவுச்சத்து கூடியதற்கும் இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம், நம் பெண்களில் எத்தனையோ பேருக்கு இதேதான் நடக்கிறது. பரிமாறும் முன்பே உங்கள் பங்குக் காயையும் பருப்பையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். இதைச் சுயநலம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். முடிந்தால் மகனும் கணவரும் ஆளுக்கு இரண்டு தோசை ஊற்றட்டும், பத்து வயதுப் பையனுக்குக் கல்லில் மாவு ஊற்றக் கற்றுக்கொடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். பிள்ளைகளுக்கு முதலிலேயே கம்மியாக வைத்து, கேட்டால் மறுபடி வையுங்கள், தட்டில் மிச்சமே வராது. ஒரு அரைத் தோசை வீணாகிறதே என்று உங்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். காலையில் காக்காய்க்கு வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறிச் சாப்பாட்டை விட வேண்டியதில்லை. கோழிக்குழம்பு என்றால் தோலை நீக்கி, துண்டுகள் தாராளமாக, சோறு அதே ஒரு டம்ளர், கூட வெங்காயத் தயிர். மீன் கிடைத்தால் குழம்பு வையுங்கள், மத்தி, அயிலை போன்ற மலிவான மீன்களிலேயே நல்ல கொழுப்பு இருக்கிறது. பிரியாணி சாப்பிடும் நாளில் ராத்திரி தோசையை விட்டுவிட்டு மோரும் சுண்டலுமாக முடித்துக்கொள்ளுங்கள்.

நடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம், கம்பெனியிலிருந்து வரும்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக் கொஞ்சம், தெருவில் வெளிச்சமும் ஆளும் இருந்தால் மட்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பதை ஒரு நாளைக்குப் பத்துப் பத்தாக இரண்டு முறை செய்தால் தொடைத் தசைக்கு நல்லது. அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம், உங்களுக்குத் தூக்கமே ஆறு மணி நேரம்தான் வருகிறது.

எடையை வாரம் ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து ஒரு கிலோவுக்கு மேல்கூட ஏறிக் காட்டும், அந்த வாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாதம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இறங்கினால் நல்ல வேகம். முதல் இலக்கு 67 கிலோ, அவ்வளவுதான். நாலு கிலோ குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூட்டுக்கும் பலன் தெரியும். இடுப்பையும் டெய்லர் டேப்பில் அளந்து எழுதி வையுங்கள், வீட்டிலேயே டேப் இருக்குமே. நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது, அது மெதுவாக வரும். மாமியாருக்கும் இதே சாப்பாடு பொருந்தும், ஆனால் சர்க்கரை மாத்திரை எடுப்பதால் அவர் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். வேளை தவறாமல் அவருக்குக் கொடுங்கள்.

மகளைப் பற்றி. வேண்டாம், சகோதரி. அவளை டயட்டில் வைக்கவே வேண்டாம். பதினாலு வயது வளர்கிற வயது, எலும்பும் ரத்தமும் கூடுகிற வயது. இந்த வயதில் எடை கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது சகஜம், உயரம் கூடும்போது பல பிள்ளைகளுக்கு அது சரியாகிவிடும். உண்மையிலேயே எடை அதிகமா என்று பார்க்க பெரியவர்களுக்கான கணக்கு உதவாது, வயதுக்கேற்ற அட்டவணை இருக்கிறது, குழந்தை மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு முறை காட்டுங்கள். அவள் தட்டில் சோற்றைக் குறைக்காதீர்கள், அவள் முன்னால் எடை பார்க்காதீர்கள், குண்டு என்ற வார்த்தையை வீட்டில் யாரும், பாசத்தோடு கூட, சொல்ல வேண்டாம். அவளுக்கும் முட்டை, பயறு, காய், தயிர், பழம் எல்லாம் வையுங்கள், பாக்கெட் நொறுக்கும் கூல்டிரிங்க்ஸும் மட்டும் வீட்டுக்குள் வாங்கி வைக்காமல் இருங்கள், மாலை விளையாடப் போனால் வேலை சொல்லித் தடுக்காதீர்கள். பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள், வயிற்றைப் புரட்டுகிறது என்று பல பிள்ளைகள் வீசிவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் அந்தத் தொந்தரவு குறையும். உங்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அவளுக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், இரண்டு பேருடைய அளவையும், இரண்டு மாதம் கழித்து வரும் உங்கள் டி.எஸ்.எச். அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ராத்திரிச் சாப்பாட்டில் அடுத்து என்ன மாற்றலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.